விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கணக்கை விட்டு லோக்கல் கணக்குக்கு மாறுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றை வீட்டிலோ சிறு அலுவலகத்திலோ பயன்படுத்துவோருக்காக இது எழுதப்படுகிறது. கணக்கை மாற்றும் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பலர் அவதிப்படுவது, மாற்றுவதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கவனிக்காமல் விட்டதால்தான். ஒன்று வட்டின் பூட்டைத் திறக்கும் மீட்புக் குறியீடு. மற்றொன்று மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் கிடக்கும் கோப்புகள். ஆகவே செய்முறையைவிட அவ்விரண்டுக்கும் இங்கே அதிக இடம் தரப்பட்டிருக்கிறது.

மைக்ரோசாஃப்ட் கணக்கு, லோக்கல் கணக்கு: இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

மைக்ரோசாஃப்ட் கணக்கு என்பது ஒரு மின்னஞ்சல் முகவரியோடு பிணைக்கப்பட்டு, அந்நிறுவனத்தின் சர்வரில் இருக்கும் கணக்கு. அதே கணக்கைக் கொண்டு எத்தனை கணினிகளில் வேண்டுமானாலும் உள்நுழையலாம். கடவுச்சொல் மறந்துபோனால் இணையம் வழியாகப் புதியது வைத்துக்கொள்ளலாம். லோக்கல் கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் அந்த ஒரு கணினியில் மட்டுமே இருக்கும். வேறு எவருக்கும், விண்டோஸைத் தயாரித்த நிறுவனத்துக்குக்கூட, அந்தக் கடவுச்சொல் தெரியாது. எனவே அதை மறந்துவிட்டால் மீட்டுத் தரவும் எவராலும் முடியாது.

2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8-க்கு முன்புவரை வீட்டுக் கணினிகளில் லோக்கல் கணக்கே வழக்கமாக இருந்தது. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் ஹோம் பதிப்பு, முதல் அமைப்பின்போதே இணைய இணைப்பையும் மைக்ரோசாஃப்ட் கணக்கையும் கேட்கத் தொடங்கியது. மறு ஆண்டு, தனிப்பட்ட பயன்பாட்டுக்கு அமைக்கும் ப்ரோ பதிப்புக்கும் அந்த விதி வந்தது. இன்று புதிதாக வாங்கும் விண்டோஸ் மடிக்கணினி பெரும்பாலும், உரிமையாளர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், ஏதோ ஒரு மின்னஞ்சலோடு கட்டப்பட்டே கைக்கு வருகிறது.

மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்திருந்தால் இணையம் இல்லாதபோது கணினிக்குள் நுழைய முடியாது என்கிறார்களே?

அது சரியன்று. ஒருமுறை உள்நுழைந்துவிட்டால், பிறகு இணையம் இல்லாமலும் பின் (PIN) எண்ணையோ கடவுச்சொல்லையோ இட்டு உள்ளே போகலாம். பின் எண் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. அது இணையத்துக்குப் போவதே இல்லை. இந்த ஒரு அச்சத்துக்காக மட்டும் கணக்கை மாற்ற வேண்டியதில்லை.

அப்படியானால் மாறுவதற்கு நியாயமான காரணங்கள் எவை?

கணினியைத் திறக்கும் உரிமை தன் கையிலேயே இருக்க வேண்டும் என்று நினைப்பதே போதுமான காரணம். அதற்கு மேல் நடைமுறைக் காரணங்களும் உண்டு. ஒரே கணினியை வீட்டில் பலர் பயன்படுத்தும்போது ஒருவருடைய மின்னஞ்சலும் ஒன்டிரைவும் அனைவருக்கும் திறந்து கிடப்பதைத் தவிர்க்கலாம். கடையின் கல்லாவிலோ மாணவர்கள் மாறி மாறி அமரும் பயிற்சி மையத்திலோ உள்ள கணினியில் தனிமனிதர் ஒருவருடைய கணக்கு இருப்பதற்குத் தேவையே இல்லை.

இன்னொரு சூழல் நம் ஊரில் மிகச் சாதாரணம். கணினியை விற்ற கடையிலோ பழுது பார்த்த இடத்திலோ, வாங்கியவரிடம் கேட்காமல், கடைப் பையனின் மின்னஞ்சலையோ அந்த நேரத்தில் உருவாக்கிய ஒரு புது முகவரியையோ இட்டு அமைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். உரிமையாளருக்கு நான்கு இலக்கப் பின் எண் மட்டும் தெரியும். கணினி யாருடைய கணக்கில் இருக்கிறது என்பதே தெரியாது. உங்கள் கணினி அப்படிப்பட்டதா என்று பார்க்க, செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதியைத் திறந்து, பெயருக்குக் கீழே எந்த மின்னஞ்சல் இருக்கிறதென்று பாருங்கள். அது உங்களுடையதாக இல்லாவிட்டால், மாறுவதைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் அதற்கு முன் அடுத்த இரண்டு கேள்விகளையும் கட்டாயம் படியுங்கள்.

மீட்புக் குறியீடு என்றால் என்ன? அதை ஏன் முதலில் எடுத்து வைக்க வேண்டும்?

அண்மைக்கால மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில், வட்டில் உள்ள அனைத்தும் பிட்லாக்கர் என்ற தொழில்நுட்பத்தால் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும், அதாவது பிறர் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். ஹோம் பதிப்பில் இதற்கு டிவைஸ் என்கிரிப்ஷன் என்று பெயர். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முதன்முறை உள்நுழையும்போது, இது ஓசையின்றித் தானாகவே இயங்கத் தொடங்கி, பூட்டைத் திறக்கும் 48 இலக்க மீட்புக் குறியீட்டை அந்தக் கணக்கில் சேமித்துவிடுகிறது. 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் இதற்கான வன்பொருள் நிபந்தனைகளும் தளர்த்தப்பட்டதால், முன்பு தப்பிய கணினிகளிலும் புதிதாக விண்டோஸ் நிறுவும்போது இது இயங்கிவிடுகிறது.

அன்றாடம் இந்தக் குறியீட்டைக் கணினி கேட்காது. பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றம், மதர்போர்டு மாற்றம், பாதுகாப்புச் சில்லு அழிக்கப்படுதல் போன்றவை நேரும்போது நீலத் திரை ஒன்றைக் காட்டிக் கேட்கும். 2024 ஜூலையில் வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பின், எதையும் தொடாத பயனர்களின் கணினிகளில் சிலவும் இந்தத் திரையில் போய் நின்றன. அந்த நேரத்தில் 48 இலக்கங்களும் கையில் இல்லையென்றால், வட்டில் உள்ள படங்களும் ஆவணங்களும் போனது போனதுதான். எந்தப் பழுதுபார்ப்பவராலும் அதைத் திறக்க முடியாது; திறந்து தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

லோக்கல் கணக்குக்கு மாறினாலும் பூட்டு அப்படியே இருக்கும். குறியீடும் பழைய மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும். மாறிய பிறகு அந்தக் கணக்கை மறந்துவிடுவதும், சில மாதம் கழித்து அதை நீக்கிவிடுவதும்தான் ஆபத்து. எனவே மாறுவதற்கு முன், அந்தக் கணக்கைக் கொண்டு மைக்ரோசாஃப்ட் தளத்தில் நுழைந்து, சாதனங்களின் பட்டியலில் உங்கள் கணினிக்குரிய மீட்புக் குறியீட்டைக் கண்டு, தாளில் எழுதியோ அச்சிட்டோ வைத்துக்கொள்ளுங்கள். அதன் அருகில் உள்ள கீ ஐடி என்ற அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகளையும் குறித்துக்கொள்வது நல்லது. நீலத் திரையும் அதையே காட்டும் என்பதால், எந்தக் கணினிக்கு எந்தக் குறியீடு என்ற குழப்பம் வராது. குறியீட்டை அதே கணினியில் ஒரு கோப்பாகச் சேமிப்பதால் பயனில்லை. பென் டிரைவிலோ வீட்டுப் பத்திரங்களோடு ஒரு தாளாகவோ இருக்கட்டும்.

கணினி வேறொருவருடைய மின்னஞ்சலில் இருக்கிறது. அவர் கணக்குக்குள் என்னால் போக முடியாது. என்ன செய்வது?

கணினி இப்போது சாதாரணமாகத் திறக்கிறது என்றால் வழி இருக்கிறது. ப்ரோ பதிப்பில், கன்ட்ரோல் பேனலில் உள்ள பிட்லாக்கர் பக்கத்தில் மீட்புக் குறியீட்டைக் கோப்பாகச் சேமிக்கவும் அச்சிடவும் வசதி உண்டு. ஹோம் பதிப்பில் எளிய வழி, செட்டிங்ஸில் ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி (விண்டோஸ் 10-இல் அப்டேட் அண்ட் செக்யூரிட்டி) பகுதிக்குப் போய், டிவைஸ் என்கிரிப்ஷனை நிறுத்திவிடுவது. வட்டின் அளவைப் பொறுத்து இதற்குச் சில நிமிடங்களோ ஓரிரு மணி நேரமோ ஆகலாம். அதுவரை மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டாம். குறியாக்கம் முழுவதும் நீங்கிய பின் எந்தக் குறியீடும் தேவைப்படாது.

ஆனால் குறியாக்கம் நீங்கிய மடிக்கணினி திருடு போனால், திருடியவர் வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டி எல்லாவற்றையும் படித்துவிட முடியும். வீட்டு மேசையை விட்டு நகராத கணினிக்கு இது பெரிய கவலை இல்லை. பேருந்திலும் ரயிலிலும் கூடவே வரும் மடிக்கணினிக்குக் கவலைப்பட வேண்டிய ஒன்றுதான். அப்படிப்பட்டவர்கள் தங்கள் சொந்த மின்னஞ்சலில் ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு தொடங்கி, அதில் குறியாக்கத்தை மீண்டும் இயக்கி, குறியீட்டை எழுதி வைத்துக்கொண்டு, அதன் பிறகு லோக்கல் கணக்குக்கு வருவது பாதுகாப்பானது.

கணக்கை மாற்றினால் என் கோப்புகள் அழிந்துவிடுமா?

அழியாது. மாறுவது உள்நுழையும் முறை மட்டும்தான். பயனர் கோப்புறை, நிறுவிய மென்பொருள்கள், டெஸ்க்டாப்பின் தோற்றம் எல்லாம் அப்படியே இருக்கும். ஆயினும் “கணக்கை மாற்றினேன், கோப்புகளைக் காணோம்” என்ற புலம்பல் ஓயாமல் கேட்பதற்குக் காரணம் ஒன்டிரைவ்.

மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த கணினிகள் பலவற்றில் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய மூன்று கோப்புறைகளும் ஒன்டிரைவ் கோப்புறைக்குள் நகர்த்தப்பட்டிருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஏதாவது ஒரு படத்தின் மீது வலது சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸில் அதன் இருப்பிடத்தைப் பாருங்கள். பாதையில் ஒன்டிரைவ் என்ற சொல் இருந்தால் உங்கள் கணினியும் அப்படித்தான். அடுத்து, கோப்பின் பெயருக்கு அருகில் உள்ள சிறு குறியைக் கவனியுங்கள். பச்சை டிக் இருந்தால் கோப்பு கணினியில் இருக்கிறது. நீல நிறத்தில் வெறும் மேகக் குறி இருந்தால், பெயர் மட்டும்தான் இங்கே இருக்கிறது. கோப்பு இணையத்தில் இருக்கிறது. ஒன்டிரைவிலிருந்து வெளியேறியதும் மேகக் குறியுள்ள கோப்புகள் கண்ணில் படாமல் போய்விடும். அவை அழியவில்லை, ஆனால் அந்தக் கணக்குக்குள் போகாமல் கிடைக்காது.

ஆகவே, ஒன்டிரைவையும் விட்டுவிடுவது உங்கள் நோக்கமானால், முதலில் அந்தக் கோப்புறைகளின் மீது வலது சொடுக்கி, ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ் என்பதைத் தேர்ந்து, எல்லாம் இறங்கி முடியும்வரை காத்திருங்கள். பிறகு ஒன்டிரைவ் செட்டிங்ஸில், கோப்புறைகளை பேக்கப் எடுப்பதை ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். சில பதிப்புகளில், இப்படி நிறுத்தியவுடன் டெஸ்க்டாப் வெறுமையாகி, உங்கள் கோப்புகள் எங்கே என்று கேட்கும் ஒரு ஷார்ட்கட் மட்டும் எஞ்சியிருக்கும். பதற வேண்டாம், கோப்புகள் ஒன்டிரைவ் கோப்புறைக்குள் இருக்கும் டெஸ்க்டாப்பிலேயே இருக்கின்றன. அங்கிருந்து வழக்கமான டெஸ்க்டாப்புக்கு நகர்த்திக்கொள்ளலாம். இவற்றைத் தொடங்கும் முன், முக்கியமானவற்றை வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு படி எடுத்து வைப்பது வீண் வேலையாகாது.

ஒன்டிரைவைத் தொடர்ந்து பயன்படுத்த விரும்புவோர் இதில் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அது தனிச் செயலி. லோக்கல் கணக்கில் இருந்துகொண்டே அதற்குள் மட்டும் மின்னஞ்சலை இட்டு நுழையலாம்.

மாற்றும் முறை என்ன?

திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்து மூடுங்கள். விண்டோஸ் விசையையும் ஐ விசையையும் சேர்த்து அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். அக்கவுண்ட்ஸ், அதற்குள் யுவர் இன்ஃபோ. அங்கே சைன் இன் வித் எ லோக்கல் அக்கவுண்ட் இன்ஸ்டெட் என்ற இணைப்பு இருக்கும். அதைச் சொடுக்கியதும் விண்டோஸ் உங்களை ஒருமுறை எச்சரிக்கும். குறியாக்கம் இருந்தால் மீட்புக் குறியீட்டைப் பற்றியும் நினைவூட்டும். தொடர்ந்தால், நீங்கள் உரிமையாளர்தானா என்று உறுதிசெய்ய, பின் எண் வைத்திருப்பவரிடம் பெரும்பாலும் அதையே கேட்கும். அடுத்த திரையில் புதிய பயனர் பெயர், கடவுச்சொல், மறுபடி அதே கடவுச்சொல், நினைவூட்டும் குறிப்பு ஆகியவற்றை இட வேண்டும். கடைசியாக சைன் அவுட் அண்ட் ஃபினிஷ் என்ற பொத்தானை அழுத்தினால் வெளியேறி, புதிய பெயரோடு உள்நுழைவுத் திரை வரும்.

குறிப்பில் கடவுச்சொல்லையே எழுதிவிடாதீர்கள். தவறான கடவுச்சொல்லை இடும் எவருக்கும் அது திரையில் தெரியும்.

தமிழ் விசைப்பலகை வைத்திருப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

கடவுச்சொல்லை இடும்போது எந்த விசைப்பலகை இயங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழ் 99 இயங்கும் நிலையில் ஆங்கிலம் என்று எண்ணிக் கடவுச்சொல்லை அடித்தால், புள்ளிகள் மட்டுமே தெரிவதால் பிழை கண்ணில் படாது. இரண்டு முறையும் ஒரே மாதிரி அடித்திருப்பதால் விண்டோஸும் ஏற்றுக்கொள்ளும். பிறகு உள்நுழைவுத் திரையில் ஆங்கில விசைப்பலகையில் எத்தனை முறை அடித்தாலும் திறக்காது. கடவுச்சொல் பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் குறியை அழுத்தி, அடித்ததைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். உள்நுழைவுத் திரையின் வலது கீழ் மூலையில் மொழியை மாற்றும் குறி இருக்கும்.

பெயரைத் தமிழில் இடலாம். ஏற்கெனவே உள்ள கணக்கை மாற்றும்போது கோப்புறையின் பெயர் மாறாது என்பதால் தொல்லை இல்லை. ஆனால் புத்தம் புதிதாக ஒரு லோக்கல் கணக்கைத் தமிழ்ப் பெயரில் உருவாக்கினால், கோப்புறையின் பெயரும் தமிழிலேயே அமையும். பழைய மென்பொருள்கள் சில அந்தப் பாதையைப் படிக்கத் தெரியாமல் நின்றுவிடும். முதலில் ஆங்கில எழுத்தில் பெயர் வைத்து உருவாக்கிவிட்டு, திரையில் தெரியும் பெயரைப் பின்னர் தமிழுக்கு மாற்றிக்கொள்வது சிக்கலில்லாதது.

என் பயனர் கோப்புறைக்கு மின்னஞ்சலின் முதல் ஐந்து எழுத்துகள் பெயராக இருக்கின்றன. லோக்கல் கணக்குக்கு வந்தால் அது மாறுமா?

மாறாது. கையால் மாற்ற முயல்வதும் வேண்டாம். நூற்றுக்கணக்கான அமைப்புகள் அந்தப் பாதையைச் சுட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பெயர் உறுத்தினால், விரும்பிய பெயரில் புதிய லோக்கல் கணக்கை உருவாக்கி, அதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை கொடுத்து, கோப்புகளை அங்கே நகர்த்திக்கொள்வதே முறையான வழி.

விண்டோஸ் லைசென்ஸ் போய்விடுமா? அப்டேட் வருமா? ஆஃபீஸ் இயங்குமா?

லைசென்ஸ் போகாது, அது கணினியின் வன்பொருளோடு பிணைந்தது. மதர்போர்டு மாற்றிய பின் மீண்டும் ஆக்டிவேட் செய்யும்போதுதான் மைக்ரோசாஃப்ட் கணக்கு கைகொடுக்கும். அப்டேட்டுகள் வழக்கம்போல வரும். ஆஃபீஸ் சந்தா தன் சொந்த உள்நுழைவில் இயங்கும்.

விண்டோஸ் 10 வைத்திருப்போர் மட்டும் சற்றுப் பொறுக்க வேண்டும். அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. 2026 அக்டோபர் 13 வரையான நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டுகளில் வீட்டுப் பயனர்கள் சேர மைக்ரோசாஃப்ட் கணக்கு தேவை. அதில் இலவசமாகச் சேர்ந்திருப்பவர்கள் இப்போது கணக்கை மாற்றாமல் இருப்பது நல்லது.

எவை நின்றுபோகும்?

வால்பேப்பர், வைஃபை கடவுச்சொற்கள் போன்ற அமைப்புகள் உங்கள் பிற கணினிகளோடு ஒத்திசைவது நிற்கும். தொலைந்த கணினியைத் தேடும் ஃபைண்ட் மை டிவைஸ் வசதி இருக்காது. பிள்ளைகளின் கணினி நேரத்தைக் கட்டுப்படுத்தும் ஃபேமிலி சேஃப்டி, மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் இயங்காது. அதை நம்பியிருக்கும் பெற்றோர், பிள்ளையின் கணக்கை மாற்றாமல் தங்களுடையதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வீட்டு நெட்வொர்க்கில் கோப்புறைகளைப் பகிர்ந்திருந்தால், மற்றக் கணினிகளில் புதிய பெயரையும் கடவுச்சொல்லையும் மறுபடி இட வேண்டியிருக்கும்.

கணினி மைக்ரோசாஃப்டுக்கு எதையும் அனுப்பாது என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். கணினியின் நிலையைச் சொல்லும் கட்டாயமான டயக்னாஸ்டிக் தகவல்கள் லோக்கல் கணக்கிலும் போய்க்கொண்டுதான் இருக்கும். கூடுதல் தகவல்களை செட்டிங்ஸில் தனியாக நிறுத்த வேண்டும்.

லோக்கல் கணக்கின் கடவுச்சொல்லை மறந்துவிட்டால்?

இணையத்தில் மீட்க வழியில்லை என்பதால், முன்கூட்டியே ஏற்பாடு செய்தாக வேண்டும். சைன் இன் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் மூன்று பாதுகாப்புக் கேள்விகளை அமைத்துக்கொள்ளலாம். தாயாரின் ஊர், முதல் பள்ளி போன்றவற்றின் உண்மையான விடை உறவினர் எல்லோருக்கும் தெரியும் என்பதால், உங்களுக்கு மட்டுமே தெரிந்த விடையை இடுங்கள். கடவுச்சொல் மீட்பு வட்டு ஒன்றைப் பென் டிரைவில் உருவாக்கும் வசதியும் லோக்கல் கணக்குக்கு உண்டு. ஒருமுறை செய்தால் போதும், பின்னர் கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் அது செல்லும்.

மற்றோர் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு இருந்தால் அதிலிருந்தும் புதிய கடவுச்சொல் வைக்கலாம். ஆனால் அப்படி வெளியிலிருந்து மாற்றும்போது, பழைய கடவுச்சொல்லைக் கொண்டு பூட்டப்பட்டிருந்த சேமித்த கடவுச்சொற்கள் போன்றவை திறக்காமல் போகலாம். அது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

கடவுச்சொல்லே இல்லாமல் பெட்டியை வெறுமையாக விடவும் விண்டோஸ் அனுமதிக்கிறது. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் அதைச் செய்யாதீர்கள். தினமும் நீளமாக அடிப்பது சிரமமென்றால், வலுவான கடவுச்சொல் ஒன்றை வைத்துவிட்டு, அன்றாட நுழைவுக்குப் பின் எண்ணையோ கைரேகையையோ பயன்படுத்தலாம். லோக்கல் கணக்கிலும் அவை இயங்கும்.

மாறிவிட்டேன், சில நாளில் மறுபடியும் மைக்ரோசாஃப்ட் கணக்காகிவிட்டது. ஏன்?

ஸ்டோரிலோ வேறொரு மைக்ரோசாஃப்ட் செயலியிலோ உள்நுழையும்போது, இந்தக் கணக்கைக் கணினி முழுவதற்கும் பயன்படுத்தலாமா என்று ஒரு பெட்டி கேட்கும். பெரிய நெக்ஸ்ட் பொத்தானைப் பழக்கத்தில் அழுத்திவிட்டால், லோக்கல் கணக்கு மீண்டும் இணையக் கணக்காக மாறிவிடும். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் மைக்ரோசாஃப்ட் ஆப்ஸ் ஒன்லி என்ற இணைப்பு இருக்கும். அதையே சொடுக்க வேண்டும்.

பெரிய அப்டேட்டுக்குப் பின், கணினியை அமைத்து முடிக்கலாம் என்று அழைக்கும் முழுத்திரையிலும் இதே கவனம் தேவை. செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தின் கூடுதல் அமைப்புகளில் அந்தத் திரை வராமல் நிறுத்திவைக்கலாம்.

அலுவலகமோ கல்லூரியோ கொடுத்த கணினியில் இதைச் செய்யலாமா?

கூடாது. அது நிறுவனத்தின் கணக்கு. அங்குள்ள கணினி நிர்வாகியிடம் கேளுங்கள்.

மாறிய பின் பழைய மைக்ரோசாஃப்ட் கணக்கை நீக்கிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். அந்தக் கணக்கில் இருப்பவை மீட்புக் குறியீடு மட்டுமல்ல. ஒன்டிரைவ் கோப்புகள், அவுட்லுக் அஞ்சல், ஸ்டோரில் வாங்கியவை, ஆஃபீஸ் சந்தா எல்லாம் அதனோடு போய்விடும். நீக்கியே ஆக வேண்டுமென்றால், முதலில் அந்தக் கணக்கோடு உள்ள எல்லாக் கணினிகளையும் லோக்கல் கணக்குக்கு மாற்றி, ஒவ்வொன்றின் மீட்புக் குறியீட்டையும் எழுதி வைத்து, கோப்புகளை இறக்கிக்கொண்டு, பிறகு நீக்கக் கோருங்கள். கோரிய பின் 30 அல்லது 60 நாள் அவகாசத்தை நீங்களே தேர்ந்துகொள்ளலாம். அதற்குள் ஒருமுறை உள்நுழைந்தால் கணக்கு மீண்டும் உயிர்பெறும். 60 நாளையே தேர்ந்துகொள்ளுங்கள். அந்த இடைவெளியில் கணினிகளை ஓரிரு முறை மறுதொடக்கம் செய்து, எல்லாக் கோப்புகளும் திறக்கின்றனவா என்று பார்த்துவிடலாம்.